மருந்துக் கடையில் தீர்மானமாகும் மலேரியாச் சிகிச்சை

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஏழைக் குடும்பம் முதலில் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மலேரியாச் சிகிச்சையைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. பல நாடுகளில் அவர்கள் முதலில் போகும் இடம் ஊருக்குள் இருக்கும் சிறு மருந்துக் கடை. தான்சானியாவில் அதை 'டுகா லா டாவா' என்பார்கள். நைஜீரியாவில் 'கெமிஸ்ட்' என்றாலே போதும். கடையில் இருப்பவர் பெரும்பாலும் மருந்தியல் படித்தவர் அல்லர். வருகிறவர் கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று பார்த்து, அதற்குள் அடங்கும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர். ஃபால்சிபாரம் வகை மலேரியா, உரிய மருந்து கிடைக்காவிட்டால் ஒரே நாளில் கடும் நோயாக முற்றிவிடக்கூடியது. ஆகவே அந்தக் கடையில் அந்த நேரத்தில் எந்த மாத்திரை என்ன விலைக்கு இருக்கிறது என்பதே பல குழந்தைகளின் கதியைத் தீர்மானிக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023ஆம் ஆண்டில் 26.3 கோடிப் பேருக்கு மலேரியா கண்டது. 5,97,000 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர்கள். அங்கே மாண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மூன்று நாள் மாத்திரையில் குணமாகிவிடும் நோய் இது என்பதை நினைத்தால் அந்த எண்ணிக்கையின் கொடுமை புரியும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெடுங்காலம் விலை ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை. குளோரோகுயின் இருந்தது. பெரியவர் ஒருவருக்கு வேண்டிய முழு மருந்தும் சுமார் 10 அமெரிக்க சென்ட்டுக்குக் கிடைத்தது, எந்தக் கடையிலும் இருந்தது, எல்லோருக்கும் பழகியிருந்தது. ஆனால் 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் அந்த மருந்துக்கு அடங்காத ஒட்டுண்ணிகள் தோன்றின. 1970களின் இறுதியில் அவை கிழக்கு ஆப்பிரிக்காவை எட்டிவிட்டன. ஆப்பிரிக்காவில் பரவிய அந்த எதிர்ப்புத்திறனின் மரபணு வேர் தென்கிழக்கு ஆசியாவில் இருந்தது என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிப்படுத்தின. செனகலில் ழான்-பிரான்சுவா த்ராப் என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் மூன்று பகுதிகளில் ஆண்டுக்கணக்கில் எடுத்த பதிவுகள், எதிர்ப்புத்திறன் வந்து சேர்ந்த பிறகு குழந்தைகளின் மலேரியா மரணம் இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்குக்கும் மேலாக ஏறியதைக் காட்டின. 1993இல் மலாவி குளோரோகுயினைக் கைவிட்டு சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமினுக்கு மாறியது. பிற நாடுகள் தயங்கித் தயங்கிப் பின்தொடர்ந்தன. அந்த மருந்தும் சில ஆண்டுகளில் வலுவிழந்தது.

அடுத்த மருந்து சீனாவிலிருந்து வந்தது. வியட்நாம் போர்க் காலத்தில், 1967இல், சீன அரசு இரகசியமாகத் தொடங்கிய '523 திட்டத்தில்' பணியாற்றிய தூ யூயூ, பழைய சீன மருத்துவ ஏட்டின் குறிப்பைத் துணைகொண்டு சிங்ஹாவ் என்ற மூலிகையிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணிகளை இதைப்போல வேகமாக அழிக்கும் மருந்து அதற்குமுன் இருந்ததில்லை. ஆனால் உடம்பில் அது சில மணி நேரமே தங்கும். ஆகவே அதோடு வேறு வகையில் வேலை செய்யும், நாள்கணக்கில் தங்கும் இன்னொரு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஆர்ட்டிமிசினின் பெரும்பகுதி ஒட்டுண்ணிகளைக் கொன்றுவிட, எஞ்சியதைத் துணை மருந்து தீர்த்துவிடும். இரண்டுக்கும் ஒரே சமயத்தில் தாக்குப்பிடிக்கும் ஒட்டுண்ணி தோன்றுவது மிக அரிது. 2001இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் நோவார்ட்டிஸ் நிறுவனம் தன்னுடைய கோஆர்ட்டெம் மாத்திரையை அரசுத் துறைக்கு இலாபமின்றித் தர ஒப்புக்கொண்டது. பெரியவர் ஒருவருக்கு 24 மாத்திரை. இலாபமற்ற அந்த விலையே சுமார் 2.40 டாலர். தனியார் கடைகளில் அதைவிடப் பல மடங்கு.

பத்து சென்ட்டுக்குப் பழகிய குடும்பத்திடம் இருபது மடங்குக்கு மேல் விலை சொன்னால் என்ன நடக்கும் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. பயனற்றுப்போன பழைய மாத்திரையை வாங்குவார்கள். அல்லது 24 மாத்திரைக்குப் பதில் எட்டு மாத்திரை கேட்பார்கள். அல்லது துணை மருந்து சேராத, சற்று மலிவான தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரையை வாங்குவார்கள். முதல் வழி அந்தக் குழந்தையை ஆபத்தில் தள்ளுகிறது. மற்ற இரண்டும் ஒட்டுண்ணிக்குப் பயிற்சி கொடுத்து எல்லோரையும் ஆபத்தில் தள்ளுகின்றன. உதவி நிறுவனங்களும் இதே விலைக் கணக்கில் சிக்கியிருந்தன. 2004 ஜனவரியில் 'லான்செட்' இதழில் அமீர் அட்டாரனும் வேறு பல அறிஞர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை, பலனற்ற மருந்துகளை வாங்க ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பணம் ஒதுக்குவது மருத்துவ முறைகேடு என்று உலக சுகாதார நிறுவனத்தின்மீதும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின்மீதும் நேரடியாகக் குற்றம் சாட்டியது. அதன் பிறகுதான் கூட்டு மருந்துக்குப் பணம் திரும்பியது. ஆனால் அந்தப் பணம் போனது அரசு மருத்துவமனைகளுக்கு. கடைகளில் எதுவும் மாறவில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க வழி சொன்னவர்கள் மருத்துவர்களைவிடப் பொருளியல் அறிஞர்களே. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) அமைத்த குழு ஒன்று, நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கென்னத் ஆரோவின் தலைமையில், 2004இல் தன் அறிக்கையைத் தந்தது. அந்தக் குழுவின் வாதம் இரண்டு படிகள் கொண்டது. ஒருவர் கூட்டு மருந்தை வாங்கும்போது பயன் அவரோடு நிற்பதில்லை; எதிர்ப்புத்திறன் தோன்றுவது தள்ளிப்போவதால் உலகம் முழுவதற்கும் பயன் உண்டு. அந்தப் பொதுப் பயனுக்கான விலையை ஒரு தான்சானிய விவசாயியின் பையிலிருந்து எடுப்பது நியாயமும் இல்லை, நடக்கக்கூடியதும் இல்லை. எனவே உலகம் அந்தப் பங்கைக் கட்டவேண்டும். இது முதற்படி. மானியத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது இரண்டாவது. நோயாளியிடம் கொடுத்தால் கோடிக்கணக்கானோரை அடையாளம் காணவேண்டும். ஒரு நாட்டு அரசிடம் கொடுத்தால் மலிவான மருந்து எல்லை தாண்டிக் கடத்தப்படும். தயாரிப்பாளரிடமே கொடுத்துவிட்டால், ஆலை வாசலைத் தாண்டும்போதே மருந்து மலிவாக இருக்கும். அரசு, தனியார், தொண்டு நிறுவனம் யாராக இருந்தாலும் அதே விலைக்கு வாங்கி, பழைய மாத்திரைகள் போகும் அதே வண்டிகளில், அதே கடைகளுக்கு அனுப்புவார்கள். ஆண்டுக்கு 30 கோடி முதல் 50 கோடி டாலர் போதும் என்று குழு கணக்கிட்டது. உலக நலத்துறையில் இதைவிடத் தெளிவாகச் சிந்தித்து எழுதப்பட்ட பரிந்துரைகள் மிகச் சிலவே என்பது என் கருத்து. நான் இங்கே வாதிட விரும்புவதும் இதுதான்: ஆரோ குழுவின் கணிப்பு விலையைப் பொறுத்தவரை சரியென்று நிரூபணமானது, அது கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது, அது நோயறிதல், அந்தக் குறையைச் சரிசெய்வதற்குப் பதிலாகத் திட்டத்தையே கலைத்தது பெரிய பிழை.

முதற்சோதனை தான்சானியாவின் மஸ்வா, கோங்வா மாவட்டங்களில் 2007இல் தொடங்கியது. மானிய விலையில் கூட்டு மருந்து கடைகளுக்குத் தரப்பட்டது. மலேரியா மருந்து வாங்க வந்தவர்களில் கூட்டு மருந்து வாங்கியோர் தொடக்கத்தில் நூற்றுக்கு ஒருவர். ஓராண்டில் நாற்பத்து நான்கு பேர். ஒப்பீட்டுக்காக மானியமின்றி விடப்பட்ட மாவட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. கடைக்காரர்கள் சராசரியாக 58 சென்ட் வாங்கினார்கள். பழைய சல்ஃபடாக்சின் மாத்திரைக்கு மக்கள் கொடுத்துவந்த விலையும் ஏறக்குறைய அதுவே. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்காக வாங்கியவர்களிடம் இந்த மாற்றம் இன்னும் மிகுதி. ஒரு குறையும் அப்போதே தெரிந்தது: மக்கள் நெருங்கி வாழும் ஊர்களின் கடைகளில் மருந்து இருந்த அளவுக்கு ஒதுக்குப்புறக் கடைகளில் இல்லை.

பெரிய அளவிலான திட்டத்தை உலக நிதியம் நடத்தியது. கானா, கென்யா, மடகாஸ்கர், நைஜர், நைஜீரியா, உகாண்டா, தான்சானியாவின் பெருநிலப்பகுதி, சான்சிபார் என எட்டு இடங்கள். யுனிட்எய்ட் அமைப்பும் பிரிட்டிஷ் அரசும் கேட்ஸ் அறக்கட்டளையும் பணம் தந்தன. நிதியம் முதலில் தயாரிப்பாளர்களோடு பேரம் பேசி விலையைக் குறைத்தது. தனியார் இறக்குமதியாளர்களுக்கும் அரசு விலையே என்று ஒப்பந்தம் போட்டது. எஞ்சியதன் மிகப் பெரும் பகுதியைத் தானே கட்டியது. நோவார்ட்டிஸ், சனோஃபி ஆகிய ஐரோப்பிய நிறுவனங்களோடு சிப்லா, இப்கா, அஜந்தா ஆகிய இந்திய நிறுவனங்களும் சீனாவின் குய்லினும் இதில் இருந்தன. தரம் பார்த்து ஏற்கப்பட்ட பெட்டிகளில் பச்சை இலை முத்திரை அச்சிடப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அந்த இலையைக் காட்டிக் கேட்கலாம். கென்யாவில் 40 ஷில்லிங் என்று விலையை அறிவித்து விளம்பரமும் செய்தார்கள். 2010இன் பிற்பகுதியில் மருந்துகள் கடைகளுக்கு வரத் தொடங்கின.

திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான கடைகளில் முன்னும் பின்னும் கணக்கெடுத்து, 2012இல் 'லான்செட்'டில் முடிவுகளை வெளியிட்டார்கள். எட்டில் ஆறு இடங்களில், தரமான கூட்டு மருந்து வைத்திருந்த கடைகளின் விகிதம் 26 முதல் 52 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை உயர்ந்திருந்தது. மொத்த விற்பனையில் அதன் பங்கு 16 முதல் 40 புள்ளிகள் கூடியிருந்தது. தனியார் கடைகளில் பெரியவர் ஒருவருக்கான மருந்தின் நடுவிலை ஆறு இடங்களில் குறைந்திருந்தது; அந்தக் குறைவு இடத்துக்கு இடம் 1.28 டாலர் முதல் 4.82 டாலர் வரை இருந்தது. எதிர்ப்புத்திறனை வளர்க்கும் தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரைகள் ஓரளவுக்கு விற்பனையில் இருந்த நைஜீரியாவிலும் சான்சிபாரிலும் அவற்றின் பங்கு சரிந்தது. மருந்து கடைக்கு வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில் இவை கிடைத்தன என்பதைக் கவனிக்க வேண்டும். நைஜரிலும் மடகாஸ்கரிலும் இந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. அங்கே போன மருந்தே குறைவு. மடகாஸ்கர் 2009 அரசியல் கவிழ்ப்புக்குப் பிறகு குழப்பத்தில் இருந்த நாடு. துணிந்து வாங்கிக் கொண்டுபோகும் மொத்த வியாபாரி இல்லாத இடத்தில் ஆலை வாசலில் குறைக்கப்பட்ட விலை வாசலிலேயே நின்றுவிடுகிறது. திட்டத்தின் எல்லை இது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

'மானியத்தை வியாபாரிகள் விழுங்கிவிடுவார்கள்' என்பதே தொடக்கத்தில் மிகுதியாகக் கேட்ட எதிர்ப்பு. மேலே கண்ட விலைச் சரிவு அதற்கு விடை. பல இறக்குமதியாளர்கள் போட்டியிட்டதும், மக்களுக்கு உரிய விலை தெரிந்திருந்ததும் சேர்ந்து வேலை செய்தன. இதைவிட ஆழமான எதிர்ப்பு ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்துடையது. 2012இல் அது வெளியிட்ட அறிக்கை, உப்பும் சர்க்கரையும் விற்பவர் கையில் மலேரியா மாத்திரையைக் கொடுப்பது பொதுச் சுகாதாரத்துக்கே கேடு என்றது. அந்தப் பணத்தில் கிராமச் சுகாதாரப் பணியாளர்களை நியமியுங்கள், அரசு மருத்துவத்தை இலவசமாக்குங்கள் என்று வாதிட்டது. தமிழ் வாசகர்களுக்கு இந்த வாதத்தின் வலிமை சட்டென்று புரியும். இலங்கையின் வரலாறு நமக்குத் தெரியும். 1934–35 கொள்ளை நோயில் ஏறக்குறைய 80,000 பேரைப் பறிகொடுத்த அந்தத் தீவு, 1963இல் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பதினேழாகக் குறைத்து, கவனம் தளர்ந்ததும் சில ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் மறுபடி நோயுறக் கண்டு, மீண்டும் முயன்று, 2016இல் மலேரியா அற்ற நாடென்று சான்று பெற்றது. போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்கூட இரத்தப் பரிசோதனையும் இலவச மருந்தும் முற்றிலும் நின்றுவிடவில்லை. கடை வியாபாரத்துக்கு மானியம் கொடுத்து இலங்கை இதைச் சாதிக்கவில்லை. ஊர்தோறும் எட்டிய அரசு மருத்துவத்தால் சாதித்தது.

ஆக்ஸ்ஃபாம் காட்டும் இலக்கு சரியானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இலங்கையின் மருத்துவக் கட்டமைப்பு பல தலைமுறைகளாக எழுந்தது. ஆப்பிரிக்காவின் அனோஃபிலிஸ் கேம்பியே கொசு நோயைப் பரப்பும் வேகமோ இலங்கை கண்டதைவிடப் பன்மடங்கு அதிகம். நைஜீரியா போன்ற பெரிய நாட்டில் ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர் வந்துசேரும்வரை மக்கள் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். கடையை நாம் அங்கீகரித்தாலும் அங்கீகரிக்காவிட்டாலும் அது திறந்திருக்கிறது. அதில் நல்ல மருந்தை மலிவாக வைப்பதா, கெட்ட மருந்து மட்டுமே மலிவாக இருக்க விடுவதா என்பதுதான் நம் முன்னுள்ள தேர்வு. எத்தியோப்பியா பல்லாயிரம் கிராமச் சுகாதாரப் பணியாளர்களை நியமித்துக் காட்டியிருக்கிறது. அங்கே கடை மானியத்தின் தேவை குறைவு. ஒரே நாட்டுக்குள்ளும் இரண்டும் சேர்ந்து நடக்கலாம். இத்தனை உயிர்களைத் திட்டம் காப்பாற்றியது என்று காட்டப்படவில்லை என்ற குறையையும் ஆக்ஸ்ஃபாம் சொன்னது. உண்மைதான், மதிப்பீடு மரணத்தை அளக்கும்படி அமைக்கப்படவில்லை. ஆனால் பலிக்காத மருந்துக்குப் பதில் பலிக்கும் மருந்து குழந்தையின் வாய்க்குப் போனால் உயிர் பிழைக்கும் என்பதை ஒவ்வொரு திட்டத்திலும் மறுபடி நிரூபிக்கச் சொல்வது அளவுக்கு மீறிய கோரிக்கை.

எனக்கு உண்மையிலேயே கனமாகத் தெரியும் எதிர்ப்பு வேறு. காய்ச்சல் எல்லாம் மலேரியா இல்லை. ஜெசிகா கோயன், பாஸ்கலின் டுபா, சிமோன் ஷேனர் ஆகிய பொருளியலாளர்கள் மேற்குக் கென்யாவில் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வெவ்வேறு மானியச் சீட்டுகளைக் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2015இல் வந்தது. 92 விழுக்காடு மானியம் கிடைத்தபோது கூட்டு மருந்து வாங்கியோர் வெகுவாகக் கூடினார்கள். ஆனால் மானிய மாத்திரைகளில் ஏறத்தாழப் பாதி மலேரியா இல்லாதவர்களுக்குப் போயிற்று. பெரியவர்களுடைய காய்ச்சல் மலேரியாவாக இருக்கும் வாய்ப்பு குழந்தைகளுடையதைவிடக் குறைவு. மாத்திரையைப் பெரும்பாலும் வீணாக்கியவர்கள் அவர்கள்தாம். இதில் பணம் வீணாவதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. நிமோனியாவால் காய்கிற குழந்தைக்கு மலேரியா மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தாய் நிம்மதியாக இருக்கும் அந்த இரண்டு நாளில் நிமோனியா அந்தக் குழந்தையைக் கொன்றுவிடலாம். மருந்து மலிவாக ஆக, அந்தத் தவறான நிம்மதியும் மலிவாகிறது. ஆரோ குழு அறிக்கை எழுதிய காலத்தில், ஆப்பிரிக்கக் குழந்தையின் காய்ச்சலை மலேரியா என்றே கருதிச் சிகிச்சை கொடுப்பது வழக்கமாக இருந்தது. சந்தேகப்படும் ஒவ்வொருவருக்கும் பரிசோதனை செய்த பிறகே மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2010இல்தான். கடை மானியத் திட்டமோ அந்தப் பழைய வழக்கத்தின்மேல் கட்டப்பட்டிருந்தது.

ஆனால் அதே ஆய்வில் தீர்வுக்கான வழியும் கிடைக்கிறது. மானியத்தை 92இலிருந்து 80 விழுக்காடாகக் குறைத்தபோது, மாத்திரை வாங்கியவர்களில் உண்மையான மலேரியா நோயாளிகளின் பங்கு உயர்ந்தது; சிறு குழந்தைகளுக்கு மருந்து கிடைப்பது ஏறக்குறைய குறையவே இல்லை. காரணம் எளிது: பெரியவருக்குப் பல மடங்கு மாத்திரை வேண்டும், ஆகவே விலை ஏற்றம் அவர்களையே தயங்கவைத்தது. இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கோயனும் டுபாவும் கென்யாவில் கொசுவலையை வைத்துச் செய்த முந்தைய ஆய்வில், இலவசமாக இருந்த வலைக்கு 60 சென்ட் விலை வைத்ததுமே வாங்குவோர் 60 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தார்கள். விலை கொடுத்தவர்கள் அதிக நோயாளிகளாகவும் இல்லை, வலையை அதிகமாகப் பயன்படுத்தவும் இல்லை. வலைக்கு விலை வைப்பது வெறும் தடை. வீணாகக்கூடிய, தவறாகப் பயன்படக்கூடிய மருந்துக்குச் சிறு விலை வைப்பதில் ஓரளவு பொருள் உண்டு. 'எல்லாம் இலவசம்' என்போரும் 'எதுவும் இலவசமாகக் கூடாது' என்போரும் இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

விலையைக் கூட்டுவது மட்டுமே விடையாகாது. ஏழைகளில் ஏழையான பெரியவரும் மலேரியாவால் சாகக்கூடும். நல்ல விடை பரிசோதனையில் இருக்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம், கால் மணி நேரம், ஒரு டாலருக்கும் வெகுவாகக் குறைந்த செலவு. அந்தத் துரிதச் சோதனைக் கருவியைக் கடைக்குக் கொண்டுவந்தபோது கென்ய மக்கள் ஆவலோடு சோதித்துக்கொண்டார்கள். ஆனால் 'மலேரியா இல்லை' என்று வந்தபின்னும் கணிசமானோர் மாத்திரையை வாங்கிச் சென்றார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. வேறு என்ன நோய் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கடைக்காரரின் நிலையும் புரிந்துகொள்ளக்கூடியதே: சோதனை 'இல்லை' என்றால் அவருடைய விற்பனை போகிறது. ஆகவே மானியம் எதன்மேல் வைக்கப்படுகிறது என்பதை மாற்ற வேண்டும். கென்யாவின் புங்கோமா மாவட்டத்தில் 2018இல் முடிவு வெளியான ஒரு சோதனை இதைச் செய்து பார்த்தது: கிராமச் சுகாதாரப் பணியாளர் இலவசமாகச் சோதிப்பார், மலேரியா என்று தெரிந்தால் கடையில் குறைந்த விலைக்கு மருந்து வாங்கச் சீட்டுத் தருவார். காய்ச்சல்காரர்களில் சோதித்துக்கொண்டவர்களின் பங்கு கூடியது. மருந்தின் பயன்பாடும் முறைப்பட்டது. அரசுப் பணியாளரையும் கடையையும் எதிரெதிரே நிறுத்தாமல் இணைத்த ஏற்பாடு இது. ஆக்ஸ்ஃபாமுக்குச் சொல்லவேண்டிய உண்மையான பதில் இதுதான் என்று நினைக்கிறேன். சோதனை செய்ததற்குக் கடைக்காரருக்குத் தனிக் கூலி, பல நாடுகளில் கடைகள் சோதிப்பதைத் தடுக்கும் விதிகளைத் தளர்த்துவது, 'இல்லை' என்று வந்தவரை எங்கே அனுப்புவது என்ற தெளிவு ஆகியவையும் சேர வேண்டும். வழக்கமான கருவி தேடும் புரதமே இல்லாத ஒட்டுண்ணிகள் எரித்ரியாவிலும் எத்தியோப்பியாவிலும் பரவியிருப்பதால் அங்கே வேறு கருவி வேண்டும்.

மலிவான மருந்து கண்டபடி பயன்பட்டு எதிர்ப்புத்திறனை விரைவுபடுத்தும் என்ற அச்சமும் பேசப்படுகிறது. 2008–09இல் ஆர்ட்டிமிசினினுக்கு மெதுவாகவே அடங்கும் ஒட்டுண்ணிகள் மேற்குக் கம்போடியாவில் பதிவாயின. அது மானியம் வருவதற்கு முன்பு, தனி ஆர்ட்டிமிசினின் மாத்திரைகளும் தரமற்ற சரக்கும் பல ஆண்டுகள் புழங்கிய இடம். ருவாண்டா, உகாண்டா, தான்சானியா, எரித்ரியா ஆகிய நாடுகளில் இப்போது உறுதியாகியுள்ள பகுதி எதிர்ப்புத்திறன் கவலைக்குரியது. ருவாண்டாவிலும் உகாண்டாவிலும் அது ஆசியாவிலிருந்து வராமல் உள்ளூரிலேயே தோன்றியது. இதில் மிகைப் பயன்பாட்டுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று சாதிக்க நான் தயாரில்லை. ஆனால் உடம்பில் ஒட்டுண்ணியே இல்லாதவர் விழுங்கிய மாத்திரையைவிட, ஒட்டுண்ணி நிறைந்தவர் விலை கட்டுபடியாகாமல் பாதியில் நிறுத்திய மாத்திரை அபாயமானது. முழு மருந்தையும் எட்டும் விலையில் தருவது எதிர்ப்புத்திறனுக்கு எதிரான நடவடிக்கைதான்.

2012 நவம்பரில் உலக நிதியத்தின் ஆட்சிக் குழு அந்தத் தனித் திட்டத்தை முடித்துக்கொள்ள முடிவெடுத்தது. இனி வேண்டுமென்ற நாடுகள் தங்களுக்கு ஒதுக்கப்படும் பொது மானியத் தொகையிலிருந்தே கடை மருந்துக்கும் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்றது. எதிர்பார்த்ததைவிட மிகுதியான கொள்முதல் வந்து, ஏற்கெனவே 2011இலேயே மருந்தைப் பங்கிட்டுக் கொடுக்கவேண்டிய நிலை இருந்தது. புதிய கொடையாளர்கள் வரவில்லை. அமெரிக்காவுக்கு இதில் நாட்டமில்லை. வெளிப்பார்வைக்கு இது நாடுகளுக்கு உரிமை கொடுத்ததுபோல் தோன்றும். உண்மையில் ஆரோ குழுவின் முதற்படியையே அது தலைகீழாக்கியது. கொசுவலைக்கும் மருத்துவமனை மருந்துக்கும் கடை மானியத்துக்கும் ஒரே உறையிலிருந்து எடு என்றால் எந்தச் சுகாதார அமைச்சரும் கடையைக் கடைசியில்தான் வைப்பார். கென்யாவின் கடையில் கூட்டு மருந்து மலிவாக இருப்பதால் காங்கோவுக்கும் கம்போடியாவுக்கும் கிடைக்கும் பயனைக் கென்ய வரவுசெலவில் யாரும் எழுதமாட்டார்கள். கானா, கென்யா, நைஜீரியா, உகாண்டா, தான்சானியா முதலிய நாடுகள் சில காலம் இணைக் கட்டண முறையாக இதைத் தொடர்ந்தன. ஆனால் பணம் சுருங்கிக்கொண்டே போயிற்று. உலகளவில் 2005இல் 1.1 கோடிப் பேருக்கான அளவாக இருந்த கூட்டு மருந்துக் கொள்முதல் 2013இல் 39 கோடிப் பேருக்கான அளவை எட்டியது அந்த ஊக்கத்தின் உச்சக் காலத்தில்தான்.

'இன்றைக்கு மருந்தே மலிந்துவிட்டதே, மானியம் எதற்கு?' என்று கேட்கலாம். இந்தியத் தயாரிப்பாளர்களின் போட்டியாலும் பெருங்கொள்முதலாலும், 2007இல் சனோஃபியும் டிஎன்டிஐ என்ற இலாப நோக்கற்ற மருந்து ஆய்வு அமைப்பும் காப்புரிமையின்றி ஒரு டாலருக்குள் வெளியிட்ட ஆர்ட்டிசுனேட்–அமோடியாகுயின் மாத்திரையாலும் ஆலை விலை ஒரு டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆனால் அந்தத் தொகையோடு இறக்குமதி வரியும் மூன்று நான்கு கை மாறும் இலாபமும் சேரும். நாணய மதிப்புச் சரிவு நைஜீரியா போன்ற நாடுகளில் மருந்து விலையைக் கடுமையாக ஏற்றியிருக்கிறது. ஆர்ட்டிமிசினினின் விலையும் நிலையானதன்று. செடியை நடுவதிலிருந்து மாத்திரையாக்குவது வரை ஓராண்டுக்கும் மேல் ஆவதால், கிலோ ஆயிரம் டாலரை ஒட்டியும் பிறகு இருநூறு டாலர் அளவுக்கும் அது ஆடியதுண்டு. 2013இல் சனோஃபி ஈஸ்ட் வழியாகச் செயற்கையாகத் தயாரிக்கத் தொடங்கியும், செடி மருந்தின் விலைச் சரிவால் அதுவும் நிலைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, 2025இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி திடீரென வெட்டப்பட்டதும் பல ஆப்பிரிக்க நாடுகளில் அரசு மருத்துவமனைகளின் மருந்து வரவே தடுமாறியது. அங்கே மருந்து தீர்ந்தால் குடும்பங்கள் போவது மறுபடியும் கடைக்குத்தான்.

அடுத்த மருந்தும் வந்துகொண்டிருக்கிறது. நோவார்ட்டிஸும் எம்எம்வி என்ற இலாப நோக்கற்ற மலேரியா மருந்து ஆய்வு அமைப்பும் உருவாக்கும் கனாபிளாசைடு–லூமிஃபேன்ட்ரின், ஆர்ட்டிமிசினினே இல்லாத கூட்டு மருந்து; அதன் மூன்றாம் கட்டச் சோதனை நல்ல பலன் தந்ததாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். பழைய கூட்டு மருந்தோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. எதுவானாலும் இன்றைய மருந்தைவிட விலை கூடுதலாகவே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது 2001இல்; மானிய விலையில் அது கடைகளுக்கு வந்தது 2010இல். அந்த ஒன்பது ஆண்டுகளில் பலிக்காத மாத்திரைக்குக் காசு கொடுத்தவர்கள் கோடிக்கணக்கானோர். புதிய மருந்துக்கு உரிமம் வழங்கும் பேச்சு நடக்கும்போதே அதன் கடை விலைக்கான பொது நிதியையும், அந்த விலையோடு சேர்த்துத் தரப்படவேண்டிய சோதனைக்கான நிதியையும் உலக நிதியத்தின் நாட்டு ஒதுக்கீடுகளுக்கு வெளியே தனியாக ஏற்படுத்த வேண்டும். ஆரோ குழு கேட்ட 50 கோடி டாலர், இன்றைய மதிப்பில் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும், ஆண்டுதோறும் மலேரியாவுக்கு உலகம் செலவிடும் பல நூறு கோடி டாலரில் சிறு பகுதிதான்.